ஆர்134ஏ மாற்று கிட்: பெட்டியில் பாதிதான் தேறும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய கார் ஏசியை ஆர்12 என்ற பழைய குளிர்பதனக் கேஸிலிருந்து ஆர்134ஏ என்ற கேஸுக்கு மாற்றும் இந்தக் கிட்டை நான் மறுபடியும் வாங்குவேன். ஆனால் பெட்டியைப் பிரித்ததும் அதில் சில சாமான்களை ஓரம் கட்டிவிட்டுத்தான் ஸ்பேனரைக் கையில் எடுப்பேன். நல்ல கண்டன்சரையும் (கேஸின் சூட்டை வெளியேற்றும் பாகம்) உதவாத கேஸ் டப்பாவையும் ஒரே பெட்டியில் போட்டு விற்கிறார்கள். எது எந்த வகை என்று வாங்குகிறவருக்குத் தெரியாவிட்டால் பணமும் போகும், குளிரும் வராது.

கார் 1989 மாடல். ஏசி ஃபேக்டரியிலேயே பொருத்தி வந்தது. சாண்டன் கம்பெனியின் 508 மாடல் கம்ப்ரசர் (கேஸை அழுத்தித் தள்ளுவது), எக்ஸ்பான்ஷன் வால்வ் (திரவத்தைச் சிறு துளை வழியாக விட்டுக் குளிரவைப்பது), டேஷ்போர்டுக்குள் கூலிங் காயில் என்று அந்தக் காலத்து வழக்கமான அமைப்பு. பல வருஷமாக அதில் கேஸ் இல்லை. ஸ்விட்சைப் போட்டால் ப்ளோயர் சத்தம் வரும், வெளிக்காற்று வரும், அவ்வளவுதான். நான் குளிர்பதனக் கிடங்குகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அமோனியாவோடு காலம் தள்ளிய ஆளுக்கு கார் ஏசி ஒரு வேலையா என்று என் மாப்பிள்ளை கேட்டார். வேலைதான். கிடங்கில் குழாய்கள் எஃகு, வெல்டிங் செய்தவை, இடத்தை விட்டு அசையாது. காரில் கம்ப்ரசர் என்ஜினோடு சேர்ந்து ஆடுகிறது, கண்டன்சர் பாடியோடு நிற்கிறது, இரண்டுக்கும் நடுவில் ரப்பர் ஹோஸ். கம்ப்ரசர் ஷாஃப்ட்டைச் சுற்றியிருக்கும் சீல் தேய்ந்தால் கேஸ் மெல்ல வெளியே போய்க்கொண்டே இருக்கும். அமோனியா கசிந்தால் மூக்கே சொல்லிவிடும். இந்தக் கேஸ் கசிந்தால் வாடைகூட வராது.

கிட் வாங்கும் முன் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காரைக் காட்டினேன். பானெட்டைத் திறந்து பார்த்தவர், "அடாப்டர் போட்டு கேஸ் ஏத்திடலாம் சார், சாயங்காலம் எடுத்துக்குங்க" என்றார். கேஸ் எங்கே போனது என்று அவர் கேட்கவே இல்லை. வருஷக்கணக்கில் காலியாக இருந்த சிஸ்டம். ஏதோ ஓர் இடத்தில் ஓட்டை இருந்ததால்தானே காலியானது? வண்டியைத் திருப்பி எடுத்து வந்துவிட்டேன். வழியெல்லாம் மாப்பிள்ளை, "மாமா, கேஸ் மட்டும் போட்டுப் பாத்தா என்ன?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். போட்டால் இரண்டு வாரம் குளிரும் மாப்ளே, அப்புறம் மறுபடியும் இதே கேள்வியைக் கேட்பீர்கள் என்றேன்.

எதற்கு மாற்ற வேண்டும் என்று புதிதாக வருபவர்களுக்காகச் சுருக்கமாக. ஆர்12-இல் குளோரின் இருக்கிறது. வெளியே விட்டால் அது மேலே போய் ஓசோனைத் தின்னும் என்று மோலினா, ரோலண்ட் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1974-இல் எழுதினார்கள். 1987-இல் இப்படிப்பட்ட கேஸ்களை நிறுத்த மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. வளர்ந்த நாடுகளில் 1995 முடிவோடும் மற்ற நாடுகளில் 2010-க்குள்ளும் ஆர்12 உற்பத்தி நின்றது. ஓசோன் பற்றிய ஆராய்ச்சிக்காக அந்த இருவருக்கும் இன்னொரு விஞ்ஞானி கிருட்ஸனுக்கும் 1995-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆர்134ஏ-வில் குளோரின் இல்லை, ஓசோனுக்குத் தொல்லை இல்லை. ஆனால் வெப்பமாதல் கணக்கில் அதுவும் கார்பன் டை ஆக்சைடைப் போல 1430 மடங்கு. அதனால்தான் பல புதுக் கார்களில் ஆர்1234ஒய்எஃப் என்ற வேறு கேஸ் வந்துவிட்டது. ஆகவே எந்தக் கேஸாக இருந்தாலும் காற்றில் விடக் கூடாது. பழைய சிஸ்டத்தில் மிச்சம் ஏதாவது இருந்தால், கேஸை வெளியே விடாமல் உறிஞ்சிச் சேமிக்கும் ரிகவரி மெஷின் உள்ளவரிடம் கொண்டுபோய் எடுத்துவிடுங்கள். என் வண்டியில் எடுக்க ஒன்றும் மிச்சமில்லை.

சரி, பெட்டிக்கு வருவோம். உள்ளே இருந்தவை: பேரலல் ஃப்ளோ கண்டன்சர், ட்ரையர், எக்ஸ்பான்ஷன் வால்வ், ஓ-ரிங் (இணைப்புகளில் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) டப்பா, எஸ்டர் எண்ணெய், சர்வீஸ் போர்ட் (கேஸ் ஏற்றும் வாய்) அடாப்டர்கள், ஹோஸும் ஒற்றை கேஜும் இணைத்த சின்ன கேஸ் டப்பா, லீக் அடைப்பான் என்று இன்னொரு டப்பா, பானெட்டுக்குள் ஒட்ட ஒரு லேபிள்.

கண்டன்சர் இந்தக் கிட்டின் உயிர். ஏன் என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். வெற்றிடத்திலிருந்து அளக்கும் முழு அழுத்தக் கணக்கில் (ஒரு பார் என்பது ஏறக்குறைய சாதாரணக் காற்றழுத்தம்) 0 டிகிரி செல்சியஸில் ஆர்12 சுமார் 3.1 பார், ஆர்134ஏ சுமார் 2.9 பார். 20 டிகிரிக்குப் பக்கத்தில் இரண்டும் ஏறக்குறைய சமம். 60 டிகிரிக்குப் போனால் ஆர்12 சுமார் 15.2, ஆர்134ஏ 16.8. அதாவது கூலிங் காயில் பக்கம் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோல நடந்துகொள்கின்றன. சூடு வெளியேறும் கண்டன்சர் பக்கத்தில்தான் புதுக் கேஸ் எகிறுகிறது. பழைய கண்டன்சரை வைத்துக்கொண்டு ஆர்134ஏ போட்டால், வண்டி ஓடும்போது குளிரும், சிக்னலில் நின்றால் சூடான காற்றுதான் வரும் என்று பலர் புலம்புவது இதனால்தான். பழி கேஸுக்குப் போகிறது. போக வேண்டியது கண்டன்சருக்கு.

பழைய கண்டன்சரில் ஒரே நீளக் குழாய் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து இறங்கும். கேஸ் மொத்தமும் அந்த ஒற்றைப் பாதையில்தான் போயாக வேண்டும். பேரலல் ஃப்ளோவில் இரண்டு பக்கமும் செங்குத்தான ஹெடர் (பல குழாய்களை இணைக்கும் பெரிய குழாய்), நடுவில் தட்டையான குழாய்கள், ஒவ்வொரு தட்டைக் குழாய்க்குள்ளும் நுண்ணிய துளைகள். கேஸ் ஒரே நேரத்தில் பல குழாய்களில் பிரிந்து போகும். ஹெடருக்குள் இருக்கும் தடுப்புகள் அதை மறுபடி திருப்பி அனுப்பும். கேஸ் திரவமாகச் சுருங்கச் சுருங்க அடுத்த சுற்றில் குழாய்களின் எண்ணிக்கையும் குறையும். அலுமினியத்தைக் காற்று தொடும் பரப்பும் கூடுதல். கிட்டில் வந்ததன் வேலைப்பாடும் ஃபின்களும் சுத்தமாக இருந்தன, இரண்டு முனையும் இறுக மூடியிருந்தன. திறந்தபோது உள்ளே அடைத்திருந்த காற்று புஸ்ஸென்று வெளியேறியது. அந்தச் சத்தம் கேட்டால் சந்தோஷப்படலாம், ஓட்டை இல்லை என்று அர்த்தம்.

பொருத்துவதில்தான் படுத்தியது. கூட வந்த பிராக்கெட்டுகள் தகரம். கையால் வளைக்கலாம். கண்டன்சரை அதில் தொங்கவிட்டு மேடு பள்ளத்தில் ஓட்டினால் ஒரு நாள் ரேடியேட்டரில் போய் இடிக்கும். கடையில் கோண இரும்பு வாங்கி வெட்டி, ரப்பர் புஷ் வைத்து நானே செய்துகொண்டேன். ரேடியேட்டருக்கும் கண்டன்சருக்கும் இடைவெளி ஓர் அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். பக்கவாட்டிலும் மேலேயும் இருக்கும் சந்துகளை ஃபோம் பட்டையால் அடைக்க வேண்டும். இல்லையென்றால் வண்டி நிற்கும்போது என்ஜின் பக்கத்துச் சூடான காற்றே சுற்றி முன்னால் வந்து மறுபடி கண்டன்சருக்குள் போகும். ஃபோம் பட்டை கிட்டில் கிடையாது. கையேட்டில் அதைப் பற்றி ஒரு வரியும் கிடையாது.

ஃபேனையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் வண்டியின் ஃபேன் மோட்டார் மெதுவாகச் சுற்றியது. கண்டன்சர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் காற்று இல்லாமல் அது வெறும் அலுமினியம். என்ஜின் பெல்ட்டோடு கம்ப்ரசரை இணைக்கும் கிளட்ச் இழுக்கும்போதே ஃபேனும் ஓடும்படி ஒரு ரிலே போட்டேன்.

அடுத்து ட்ரையர். என் கோபம் இதன் மேல்தான். ட்ரையரின் வேலை சிஸ்டத்துக்குள் இருக்கும் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்வது. உள்ளே இருக்கும் மணிகள் ஆர்134ஏ-வுக்கு ஏற்ற எக்ஸ்எச்-7 வகை என்று லேபிளில் இருந்தது, நல்லது. ஆர்12 காலத்து எக்ஸ்எச்-5 இங்கே உதவாது. ஆனால் எனக்கு வந்த ட்ரையரில் ஒரு முனைக்கு மூடியே இல்லை. பெட்டிக்குள்ளும் தேடிப் பார்த்தேன், விழுந்து கிடக்கவும் இல்லை. மழைக்காலத்தில் திறந்து வைத்த உப்பு ஜாடி என்ன ஆகுமோ அதுதான் இதற்கும். கிடங்கிலிருந்து என் கைக்கு வருவதற்குள் அது குடிக்க வேண்டிய ஈரத்தையெல்லாம் வெளிக்காற்றிலிருந்தே குடித்து முடித்திருக்கும். ஈரம் மிஞ்சினால் எக்ஸ்பான்ஷன் வால்வ் துளையில் பனியாக உறைந்து அடைக்கும், கேஸோடும் எண்ணெயோடும் சேர்ந்து அமிலமாகி உள்ளிருந்து அரிக்கும். அதைப் போடாமல் வேறொன்று வாங்கினேன். நீங்கள் வாங்கினால் பெட்டி திறந்ததும் முதலில் ட்ரையர் மூடிகளைப் பாருங்கள். இரண்டும் இருந்தாலும் கடைசி நேரம் வரை கழற்றாதீர்கள். மற்ற எல்லா இணைப்பும் முறுக்கி முடித்த பிறகு, வேக்குவம் பம்ப்பைத் தட்டுவதற்குச் சற்று முன்னால்தான் ட்ரையர் ஏற வேண்டும்.

ஓ-ரிங் டப்பா அருமை. பச்சை நிற எச்என்பிஆர் ரப்பர், 6, 8, 10 எண் குழாய்கள் என்று எல்லா அளவுக்கும், ஒவ்வொன்றிலும் தாராளமாக. பழைய கறுப்பு ரிங்குகள் கழற்றும்போதே பொடிப்பொடியாக உடைந்தன. புது ரிங்கை எண்ணெயில் நனைத்துத்தான் போட வேண்டும், உலர்வாகப் போட்டு முறுக்கினால் மடிந்து கிழியும். நட்டுக்கு இரண்டு ஸ்பேனர் பிடிக்க வேண்டும், ஒற்றை ஸ்பேனரில் திருகினால் அலுமினியக் குழாய் முறுக்கிக்கொள்ளும். டப்பாவைத் தனியாக விற்றாலும் வாங்கலாம்.

எண்ணெய் விஷயத்தில் கிட்காரர்கள் செய்தது சரி. ஆர்12 மினரல் ஆயிலோடு கலந்து ஓடும். ஆர்134ஏ அதோடு கலக்காது. எண்ணெய் கூலிங் காயிலில் போய்த் தேங்கிவிடும், கம்ப்ரசர் வறண்டு ஓடும். புது வண்டிகளுக்கு பேக் (PAG) என்ற செயற்கை எண்ணெய். பழைய சிஸ்டத்தில் எவ்வளவு கழுவினாலும் மினரல் ஆயிலும் குளோரின் மிச்சமும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும், அதோடு பேக் ஒத்துப்போகாது. எஸ்டர் அவ்வளவு வம்பு செய்யாது. அதனால் மாற்று வேலைக்கு எஸ்டர் என்று தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். இரண்டுமே காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், திறந்த டப்பாவை மூடி வைத்து அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். கம்ப்ரசரைக் கழற்றித் தலைகீழாகக் கவிழ்த்து, ஷாஃப்ட்டைக் கையால் சுற்றிப் பழைய எண்ணெயை முழுக்க வடித்தேன். வந்த எண்ணெயில் உலோகப் பொடி மின்னவில்லை. மின்னியிருந்தால் கம்ப்ரசரையே மாற்றியிருப்பேன். ஷாஃப்ட் சீலை மட்டும் புதிதாகப் போட்டேன். கூலிங் காயிலையும் குழாய்களையும் ஃப்ளஷ் போட்டுக் கழுவி, நைட்ரஜனால் ஊதி உலர்த்தினேன். அந்த வேலையைப் பேரலல் ஃப்ளோ கண்டன்சரிடம் செய்ய முடியாது, அதன் துளைக்குள் குப்பை போய்விட்டால் போனதுதான். ஆகவே பழைய குப்பை எதுவும் சிஸ்டத்தில் மிஞ்சாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எக்ஸ்பான்ஷன் வால்வில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதோடு வரும், வெப்பத்தை உணரும் பல்பைக் கூலிங் காயிலிலிருந்து வெளிவரும் குழாயோடு இறுக்கமாகக் கட்டி, மேலே கார்க் டேப் சுற்ற வேண்டும். டேப் கிட்டில் இருந்தது, ஆனால் பாதி பல்புக்குக்கூடக் காணாது.

ஹோஸ் கிட்டில் இல்லை. இது நியாயம்தான், ஒவ்வொரு வண்டிக்கும் நீளம் வேறு. ஆனால் பெட்டியின் மேல் "முழு கிட்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பவர்கள் ஹோஸைப் பற்றிக் கையேட்டிலாவது எச்சரித்திருக்கலாம். ஆர்12-இன் மூலக்கூறு எடை 121, ஆர்134ஏ-வுக்கு 102. பழைய வெறும் ரப்பர் ஹோஸின் சுவர் வழியாகவே அது கொஞ்சம் கொஞ்சமாக நழுவும். இப்போது வருகிற பேரியர் ஹோஸில் உள்ளே நைலான் படலம் இருக்கும். வருஷக்கணக்காக எண்ணெய் ஊறிய பழைய ஹோஸே போதும் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. என் ஹோஸ்களை வளைத்துப் பார்த்தேன், வெடிப்பு தெரிந்தது, வாதம் அங்கேயே முடிந்தது. பழைய முனைகளைக் கொண்டுபோய்க் கொடுத்துப் புது ஹோஸில் நெரித்து இறுக்கி (கிரிம்ப் செய்து) வாங்கினேன்.

இனி ஓரம் கட்ட வேண்டியவை. சர்வீஸ் போர்ட் அடாப்டர்கள் பழைய திருகு போர்ட்டின் மேல் உட்கார்ந்து புது வகை க்விக் கப்ளர் மாட்ட வழி செய்யும். ஆர்134ஏ-வுக்கு லோ பக்கம் (குறைந்த அழுத்தம்) 13 மில்லிமீட்டர், ஹை பக்கம் (அதிக அழுத்தம்) 16. மாற்றி மாட்ட முடியாதபடி இரண்டு அளவு, நல்ல ஏற்பாடு. ஆனால் கிட்டில் வந்த ஹை பக்க அடாப்டரின் நடு ஊசி குட்டை. கீழே இருக்கும் ஷ்ரேடர் வால்வை (டயர் வால்வ் போன்றது) அது சரியாக அழுத்தவில்லை. கேஜ் ஒன்றைக் காட்டும், உள்ளே வேறொன்று இருக்கும். இப்படித் தவறாகக் காட்டும் கேஜ் கேஜே இல்லாததைவிட மோசம். வேறு கம்பெனியின் பித்தளை அடாப்டர் வாங்கிப் போட்டேன்.

கேஸ் டப்பாவும் ஒற்றை கேஜும்: இதைக் குழந்தைகள் விளையாட வைத்துக்கொள்ளலாம் என்று எழுதத் தோன்றுகிறது, அழுத்தத்தில் உள்ள சாமான் என்பதால் அதுவும் வேண்டாம். கேஜின் முகத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ணம் அடித்திருக்கிறார்கள். முள் பச்சையில் நின்றால் நிறைவு என்கிறது கையேடு. லோ பக்கத்தை மட்டும் பார்த்து ஒரு சிஸ்டத்தின் நிலையைச் சொல்ல முடியாது. வால்வ் அடைத்திருந்தால் லோ பக்கம் குறையும், கேஸ் குறைவாக இருந்தாலும் குறையும். இரண்டையும் பிரித்துக் காட்டுவது ஹை பக்கமும் கைக்குத் தெரிகிற குழாய்ச் சூடும்தான். என்ஜின் ஓடாதபோது பார்ப்பது இன்னும் மோசம். 25 டிகிரி வெயிலில் உள்ளே ஒரு கரண்டி திரவம் இருந்தாலும் ஒரு கிலோ இருந்தாலும் கேஜ் சுமார் 82 பிஎஸ்ஐ-தான் (பார் போல இன்னொரு அழுத்த அளவு) காட்டும். பழைய ஆட்கள் சைட் கிளாஸில் (உள்ளே ஓடுவதைப் பார்க்கும் சின்னக் கண்ணாடி) குமிழி மறையும் வரை ஏற்றுவார்கள். ஆர்12-க்கு அது சரி. ஆர்134ஏ-வில் சரியான அளவிலும் குமிழி தெரியலாம். அது மறையும் வரை ஏற்றினால் ஹை பக்கம் எகிறிவிடும். எடை போட்டு ஏற்றுவது ஒன்றே வழி.

லீக் அடைப்பான் டப்பாவை நான் திறக்கவில்லை, திறக்கவும் மாட்டேன். அந்தத் திரவம் ஈரமும் காற்றும் பட்ட இடத்தில் இறுகும் என்பதுதான் அதன் வித்தை. ஈரம் ஓட்டையில் மட்டும்தான் இருக்கும் என்று யார் சொன்னது? நாளைக்கு ரிகவரி மெஷினில் மாட்டினால் மெஷினுக்குள்ளும் இறுகும். அடைப்பான் போட்ட வண்டி என்றால் தொடவே மாட்டேன் என்று சொல்லும் மெக்கானிக்குகளை எனக்குத் தெரியும். அவர்கள் பக்கம்தான் நியாயம்.

கசிவைக் கண்டுபிடிக்க நைட்ரஜன் சிலிண்டரும் ரெகுலேட்டரும் இரவல் வாங்கினேன். 150 பிஎஸ்ஐ ஏற்றி ராத்திரி முழுக்க விட்டேன், சோப்பு நுரை வைத்து ஒவ்வொரு இணைப்பாகத் தடவினேன். கூலிங் காயில் பக்கம் ஒரு நட்டில் நுரை பொங்கியது, இறுக்கியதும் நின்றது. டயருக்கு அடிக்கும் காற்றைக் கொண்டு இதைச் செய்யாதீர்கள். அதில் ஈரம் உண்டு, அழுத்தத்தில் காற்றோடு கலந்த ஆர்134ஏ தீப்பிடிக்கவும் கூடும். வேக்குவம் பிடித்து நின்றால் கசிவு இல்லை என்று முடிவு கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வேக்குவத்தில் வித்தியாசம் அதிகபட்சம் ஒரு பார். ஓடும்போது ஹை பக்கம் 15 பாருக்கு மேல். வேக்குவத்தின் உண்மையான வேலை ஈரத்தை விரட்டுவது. 25 டிகிரியில் தண்ணீர் கொதிக்க வேண்டுமானால் அழுத்தம் சுமார் 24 மில்லிமீட்டர் பாதரசத்துக்குக் கீழே இறங்க வேண்டும். பம்ப்பை ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடவிட்டேன். வெயில் நேரத்தில் செய்தால் பம்ப்புக்கு வேலை குறையும்.

பழைய லேபிளில் ஆர்12 அளவு 900 கிராம். புதுக் கேஸ் அதில் 80-லிருந்து 85 சதவீதம் என்பது தொழிலில் புழங்கும் கணக்கு. பேரலல் ஃப்ளோவின் உள்ளளவு பழையதைவிடக் குறைவு என்பதால் நான் அதற்கும் கீழே, 650 கிராமில் நிறுத்திப் பார்த்தேன். சிலிண்டர் டிஜிட்டல் தராசின் மேல், என்ஜின் ஓடும்போது லோ பக்கம் வழியாக வாயுவாக மட்டும். சிலிண்டரைக் கவிழ்த்துத் திரவமாக விட்டால் கம்ப்ரசரின் ரீட் வால்வ் என்ற மெல்லிய தகடு உடையும். இரண்டு கேஜையும் பார்த்துக்கொண்டே 700-க்கு வந்ததும் நிறுத்தினேன். லோ 32, ஹை 235 பிஎஸ்ஐ. வெளியே 36 டிகிரி.

குளிர்காற்று வரும் நடு வென்ட்டில் தெர்மாமீட்டர் 14 டிகிரி காட்டியது. மாப்பிள்ளைக்கு அதுவே திருவிழா. எனக்குத் திருப்தி இல்லை. கேஜில் குறை இல்லை, குழாய் பனி பூத்து வியர்க்கிறது, பிறகு குளிர் எங்கே போகிறது?

இந்த இடத்தில்தான் கிட்டுக்கு வெளியே இருக்கும் விஷயங்கள் வருகின்றன, பழைய வண்டி வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியதும் இதைத்தான். டேஷ்போர்டுக்குள் கூலிங் காயிலை ஒட்டி ஹீட்டர் காயில் இருக்கிறது. அதற்குள் போகும் என்ஜின் தண்ணீரின் சூடு 85, 90 டிகிரி. அதை நிறுத்த ஒரு வால்வ் உண்டு. வருஷங்கள் ஆனால் அந்த வால்வ் முழுக்க மூடாது. ஒரு பக்கம் ஏசி குளிர்விக்கும், அடுத்த அங்குலத்தில் ஹீட்டர் சூடாக்கும். ஹீட்டர் ஹோஸை ஒரு கிளாம்பால் நெரித்தேன். என் கண் எதிரே தெர்மாமீட்டர் 10-க்கு இறங்கியது. வால்வை மாற்றினேன். அப்புறம் ரீசர்க்குலேஷன் கதவு. அதன் ஓரத்து ஃபோம் பொடியாகி உதிர்ந்திருந்தது, உள்காற்று என்று தள்ளி வைத்தாலும் வெளிச்சூடு உள்ளே வந்துகொண்டே இருந்தது. புது ஃபோம் ஒட்டினேன். ப்ளோயர் மோட்டாருக்குப் போகும் வயரில் அளந்தால், பேட்டரியில் 13.8 வோல்ட், மோட்டாரில் 11-க்குச் சற்று மேல். இடையில் கறுத்துப்போன கனெக்டர். அதைச் சுத்தம் செய்து தனி ரிலே போட்டதும் காற்றின் வேகம் மாறிவிட்டது. கம்ப்ரசர் கிளட்சுக்கும் இதே சோதனை செய்யுங்கள், வோல்டேஜ் குறைந்தால் கிளட்ச் வழுக்கும். கிளட்சின் இடைவெளி சாண்டனுக்கு 0.4 முதல் 0.8 மில்லிமீட்டர். ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை விட்டுப் பார்க்கலாம்.

இவ்வளவும் முடிந்த பிறகு, அதே 36 டிகிரி வெயிலில், ஓட்டத்தில் வென்ட்டில் 7. நெரிசலில் நின்றால் 11-க்கு ஏறி, நகர்ந்ததும் இறங்கிவிடுகிறது. பழைய வண்டிக்கு இது ரொம்ப நல்ல கணக்கு. பின் சீட்டில் உட்காரும் என் மனைவி ப்ளோயரைக் குறைக்கச் சொல்கிறாள். அவளுடைய தீர்ப்பு தெர்மாமீட்டரைவிடக் கறாரானது.

யார் வாங்கலாம் என்றால், வண்டியில் கம்ப்ரசர் நல்ல நிலையில் இருந்து, கையில் இரட்டை கேஜும் வேக்குவம் பம்ப்பும் தராசும் கிடைக்கிறவர்கள், அல்லது இவையெல்லாம் உள்ள ஒரு மெக்கானிக்கிடம் சாமானை மட்டும் வாங்கிக் கொடுக்கிறவர்கள். இதே கம்பெனி கண்டன்சர் இல்லாத சின்னக் கிட் ஒன்றும் விற்கிறது. அதில் இருப்பது அடாப்டர், எண்ணெய், கேஸ் டப்பா, அடைப்பான், அவ்வளவுதான். நான் ஓரம் கட்டியவற்றை மட்டும் பொறுக்கி ஒரு பெட்டியில் போட்டிருக்கிறார்கள். அதை வாங்காதீர்கள். ஆர்12-க்குப் பதில் அப்படியே ஊற்றலாம் என்று விற்கும் புரொப்பேன் கலவைகளையும் தொடாதீர்கள். நன்றாகவே குளிரும், ஆனால் எரியும். மோதலில் முதலில் நசுங்குவது முன்னால் இருக்கும் கண்டன்சர்தான்.

மாற்றிய பிறகு வாரத்துக்கு ஒரு தடவை, குளிர் காலமானாலும், பத்து நிமிஷம் ஏசியை ஓட்டுங்கள். ஷாஃப்ட் சீல் எண்ணெயில் நனைந்திருந்தால்தான் கேஸைப் பிடித்து வைக்கும்.

லேபிளை மறக்காமல் ஒட்டுங்கள், எந்தக் கேஸ், எந்த எண்ணெய், எத்தனை கிராம், எந்தத் தேதி என்று நிரப்பி. அடுத்து பானெட்டைத் திறக்கிறவர் ஆர்12 என்று நினைத்து எதையாவது ஊற்றாமல் இருக்க அது ஒன்றுதான் வழி. கிட்டில் வந்த லேபிளின் பசை என்ஜின் சூட்டில் ஒரு மாதத்துக்குள் விட்டுவிட்டது, பெயின்ட் பேனாவால் ரேடியேட்டர் சட்டத்தில் எழுதிவிட்டேன். ட்ரையர் மூடி இல்லாததைப் படத்தோடு எழுதி அனுப்பியதற்குக் கம்பெனி வேறு ட்ரையர் அனுப்பியது, இரண்டு மூடியும் இருந்தன. அடாப்டர் ஊசியைப் பற்றி எழுதியதற்கு இன்னும் பதில் இல்லை.